வலமும் வழியும்: திருவண்ணாமலை நகர அமைப்பு – ஓர் அறிமுகம்

முன்னுரை

தமிழகத்தின் வட மாவட்டங்களுள் ஒன்றன் தலைநகராகிய திருவண்ணாமலை 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 1886இல் நகராட்சியான இவ்வூர், பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது ‘திருவண்ணாமலை சம்புவராயர்’ என்று பெயரிடப்பெற்ற புதிய மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 45 ஆயிரம் பேர். மாநகராட்சி என்னும் பெயருக்கு இத்தொகை சிறியதே. சுற்றியிருந்த ஊராட்சிகள் பலவற்றை இணைத்தே எல்லை விரிவாக்கப்பட்டது. ஆயினும் கார்த்திகைத் தீபத்தன்று இவ்வூரில் கால்பதிப்போர் குடியிருப்போரைப் போலப் பன்மடங்கினர். திங்கள்தோறும் முழுநிலா நாளிலும் இலட்சக்கணக்கானோர் வந்து, ஓரிரவு நடந்து, விடியுமுன் திரும்பிச் செல்கின்றனர். குடியிருப்போர் தொகையைக் கொண்டு மட்டும் இவ்வூரை அளப்பது, தேரின் எடையை நிலையில் நிற்கும்போது மட்டும் அளப்பது போன்றது.

எனவே ஓடும் தேராகவே இந்நகரத்தைக் காண இக்கட்டுரை முற்படுகிறது. திருவண்ணாமலையின் அமைப்பை இருவகை இயக்கங்கள் உருவாக்கியுள்ளன. ஒன்று, மலையையும் கோயிலையும் சுற்றிவரும் ‘வலம்’. மற்றொன்று, ஊரை ஊடறுத்துச் செல்லும் ‘வழி’. இவ்விரண்டிற்கும் அடியில் மூன்றாவதாக ஓர் இயக்கம் உண்டு. அது மலையிலிருந்து வெளிநோக்கி இறங்கும் நீரின் ஓட்டம். முதலிரண்டையும் பற்றித் தலபுராணங்களும் வரலாற்று நூல்களும் மிகுதியாகப் பேசியுள்ளன. மூன்றாவதைப் பற்றிய பேச்சோ 2024 டிசம்பருக்குப் பின்னரே உரக்கக் கேட்கத் தொடங்கியது.

மலையும் பெயரும்

கடல்மட்டத்திலிருந்து 2,600 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய அண்ணாமலை, சமவெளியில் பெரும்பாலும் தனித்து நிற்பது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த சவ்வாது மலை வடமேற்கே சற்றுத் தொலைவில் நின்றுவிட, இக்குன்று மட்டும் தொலைதூர வழிப்போக்கனின் கண்ணுக்கு முதலில் புலப்படுகிறது. ‘அண்ணா’ என்னும் அடி ‘மேல்நோக்குதல்’ என்னும் பொருளுடையது. தலையை நிமிர்த்து வாயைத் திறந்து நோக்கும் செயலை ‘அண்ணாத்தல்’ என்பர். திருக்குறளின் 255ஆம் பாடலில் இச்சொல் வாய்திறத்தல் என்னும் பொருளில் ஆளப்பட்டிருப்பதை அறிஞர் அறிவர். ‘அண்ண இயலாத மலை’, அதாவது நெருங்க முடியாத மலை என்று தலபுராண மரபு கூறும் விளக்கம் அடிமுடி தேடிய கதையோடு பொருந்துவது. சொல்லாய்வு நோக்கில், நிமிர்ந்து பார்க்கவைக்கும் மலை என்பதே இயல்பான பொருளாகத் தோன்றுகிறது. இரண்டில் எதைக் கொண்டாலும், மலைக்குத் தரப்பட்ட பெயர் அதை நோக்கி நிற்கும் மனிதரின் நிலையைக் கொண்டு அமைந்திருப்பது கருதத்தக்கது.

பெயர் மலையோடு நிற்கவில்லை. அண்ணாமலை, உண்ணாமலை, அருணாசலம், அருணகிரி எனத் தமிழகமெங்கும் வழங்கும் ஆட்பெயர்கள் இவ்வூரிலிருந்து சென்றவை. அம்மையின் பெயராகிய ‘உண்ணாமுலை’ மக்கள் வழக்கில் ‘உண்ணாமலை’ எனத் திரிந்து, ஐயன் பெயரோடு எதுகையாகிவிட்டது. ஒலியொப்புமை செய்யும் இத்தகைய வேலைக்கு ஊருக்குள்ளேயே மற்றொரு சான்றுண்டு. கோயிலின் மேற்குக் கோபுரம் ‘மேல கோபுரம்’, ‘மேக் கோபுரம்’ என வழங்கிப் பின் ‘பே கோபுரம்’ ஆயிற்று என்பர். இன்று அது பேய்க் கோபுரம் என்றே பொருள் கொள்ளப்பட்டு, அதற்கேற்ற கதைகளும் பிறந்துள்ளன.

இப்பகுதியைப் பற்றிய தொன்மையான இலக்கியப் பதிவு அண்ணாமலையைக் குறித்ததன்று. பத்துப்பாட்டுள் 583 அடிகளையுடைய மலைபடுகடாம், இன்றைய செங்கமாகிய செங்கண்மாவைத் தலைநகராகக் கொண்ட நன்னன் சேய் நன்னனிடம் செல்லும் வழியைக் கூத்தர்க்கு உரைப்பது. சேயாறும், இன்று பர்வதமலை எனப்படும் நவிரமலையும் அதில் இடம்பெறுகின்றன. வழியில் எங்கே வழுக்கும், எங்கே கல் உருளும், இரவில் எங்கே தங்கலாம் என்பனவற்றையெல்லாம் அப்பாட்டு சொல்லிச் செல்கிறது. இந்நிலப்பகுதி தமிழிலக்கியத்துள் ஓர் ஆற்றுப்படையாகவே, அதாவது வழிக்குறிப்பாகவே நுழைகிறது என்பது இக்கட்டுரையின் நோக்கிற்கு நல்ல தொடக்கமாகும்.

தேவார மூவருள் சம்பந்தரும் அப்பரும் அண்ணாமலையைப் பாடியுள்ளனர். சம்பந்தரின் முதல் திருமுறைப் பதிகத்தில் அருவிகள் முழவென ஒலிக்கின்றன. கடுவன் மாங்கனி கொள்கிறது. ஆமாவும் மயிலும் மூங்கிலும் நிறைந்த சோலைகள் வருகின்றன. அப்பதிகத்தில் முன்னிற்பது ஊரன்று, காடு. ஏழாம் நூற்றாண்டின் பாடல் மரபில் குறிஞ்சி வருணனை ஓரளவு வழக்கமானதே என்று ஒதுக்குவாரும் உளர். ஆயினும் ஊரைப் பாட வேண்டிய இடத்தில் மாடங்களையும் மதில்களையும் தயங்காமல் பாடியவர் சம்பந்தர். அண்ணாமலையில் அவர் காட்டையும் அருவியையுமே மிகுதியாகப் பாடியது வெறும் மரபு என்று தள்ளத்தக்கதன்று. மாணிக்கவாசகர் திருவெம்பாவையையும் திருவம்மானையையும் இத்தலத்தில் அருளினார் என்பது மரபு.

இரு வட்டங்கள்

கோயில் மலையின் கிழக்கடிவாரத்தில், ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. சோழர், கோப்பெருஞ்சிங்கன் முதலிய காடவராயர், பாண்டியர், போசளர், விசயநகர மன்னர், தஞ்சை நாயக்கர் எனப் பலரது கொடைகளைக் கூறும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இங்குள்ளன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் வெளியிட்ட தொகுதிகள், தமிழகக் கோயில் நகரம் ஒன்றைப் பற்றிச் செய்யப்பட்ட விரிவான ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கவை. கிழக்கு இராசகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. கிருட்டிணதேவராயர் தொடங்கிய இப்பணியைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் நிறைவுசெய்தார். வடக்குக் கோபுரமோ அரசர் பெயரைத் தாங்கவில்லை. அம்மணி அம்மாள் என்னும் துறவுப் பெண், வீடுவீடாகப் பொருள் திரட்டிக் கட்டி முடித்தார் என்பதால் அது அம்மணி அம்மன் கோபுரம் எனப்படுகிறது. வேந்தர் எழுப்பிய கோபுரங்களுக்கு நடுவே இரந்து கட்டிய கோபுரம் ஒன்றும் ஏறக்குறைய நிகராக நிற்பது இவ்வூர்க் கட்டடக் கலையின் சிறப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இக்கோயிலைச் சுற்றி அமைந்த மாடவீதிகள் முதல் வட்டம். மதுரையிலும் திருவரங்கத்திலும் போலவே தேர் ஓடும் அகலமே வீதியின் அகலத்தை வகுத்தது. வீதிகளின் பெயர்கள் அங்கு நிகழும் செயலைக் கொண்டு அமைந்தவை. தேரடி வீதி, சன்னதித் தெரு என்பன எவ்வூரிலும் உள்ளவை. திருவூடல் தெரு என்பதோ இவ்வூருக்கே உரிய அழகிய பெயர். தைத்திங்கள் இரண்டாம் நாள், இறைவனும் இறைவியும் ஊடிப் பிரியும் நிகழ்ச்சி இத்தெருவில் நடைபெறும். அம்மை ஊடிக் கோயிலுக்குத் திரும்பிவிட, ஐயன் தனித்து மலையை வலம்வரச் செல்கிறார். மறுநாள் மறுவூடல் நிகழ்கிறது. அகப்பொருளின் உரிப்பொருள் ஒன்று நகராட்சித் தெருப்பெயராகி, அஞ்சல் முகவரியில் இடம்பெற்றிருப்பது வேறெங்கும் எளிதிற் காணக்கிடைக்காதது.

இரண்டாம் வட்டம் மலையைச் சுற்றியது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் இந்திரன், அக்கினி, இயமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என எண்டிசைக் காவலர் பெயரால் எட்டு இலிங்கங்கள் உள்ளன. திசைக்கொன்றாக அமைந்த இவை, வழிபாட்டு இடங்களாக இருப்பதோடு நடப்போனுக்குத் தான் எங்கு நிற்கிறோம் என்பதை உணர்த்தும் மைல்கற்களாகவும் பயன்படுகின்றன. மலைக்குப் பின்புறம், மேற்கே அடி அண்ணாமலை என்னும் ஊரும் அதன் கோயிலும் உள்ளன. கிழக்கே நகரம் வளர்ந்தபோதும் மேற்குப் பக்கம் நெடுங்காலம் வயலும் காடுமாகவே இருந்தது. ஆகவே வலம்வருவோர் ஊரிலிருந்து புறப்பட்டு, ஊரை நீங்கி, மீண்டும் ஊருக்குள் நுழைவர். வலத்தின் பொருளிற் பாதி இந்த நீங்குதலில் அடங்கியிருந்தது. எட்டு இலிங்கங்களுள் கிழக்கில் உள்ளவை ஊருக்குள்ளும் மேற்கில் உள்ளவை வெட்டவெளியிலும் இருந்த நிலை இன்று மாறிவிட்டது. பாதையின் பெரும்பகுதியில் விடுதிகளும் மடங்களும் மனைப்பிரிவுகளும் உணவகங்களும் தொடர்கின்றன. நடப்போர் இப்போது ஊரை நீங்குவதில்லை.

இறைவனே ஆண்டுக்கு இருமுறை, கார்த்திகைத் தீபத்தை அடுத்தும் திருவூடலை அடுத்தும், மலையை வலம்வருகிறார். கோயில் மலையைச் சார்ந்ததேயன்றி மலை கோயிலைச் சார்ந்ததன்று என்னும் கொள்கை இவ்வழக்கத்தில் வெளிப்படுகிறது. கார்த்திகையில் விளக்கேற்றும் வழக்கம் அகநானூற்றின் 141ஆம் பாடலிலேயே காணப்படுவது. தமிழகம் முழுமைக்கும் உரியது. மலையுச்சியையே விளக்குத் தண்டாக்கியது திருவண்ணாமலை அவ்வழக்கத்திற்கு அளித்த பெருவடிவம். தீபக் கொப்பரையை மலைமேல் சுமந்து சென்று ஏற்றும் உரிமை பர்வதராச குலத்தாருக்கு உரியது. இவர்கள் மீனவ மரபினர். கடலோரத்திற்கு நெடுந்தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியில் மீனவர் விளக்கேற்றுவது, இம்மலைக்கும் இதைச் சூழ்ந்த ஏரி குளங்களுக்கும் இருந்த தொடர்பைச் சுட்டும் குறிப்பாகவும் கொள்ளத்தக்கது.

வழிகள் கூடுமிடம்

வலத்தை மட்டும் கொண்டு ஒரு பெருநகர் தோன்றிவிடாது. திருவண்ணாமலை ஒரு கணவாயின் வாயிலில் அமைந்த ஊர். மேற்கே செங்கம் கணவாய் வழியாகக் கிருட்டிணகிரி சார்ந்த பாராமகால் பகுதிக்கும் அதற்கப்பால் மைசூர் மேட்டுநிலத்திற்கும் செல்லலாம். கிழக்கே செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கடற்கரையை அடையலாம். வடக்கே போளூர், வேலூர். தெற்கே தென்பெண்ணையைக் கடந்து திருக்கோவலூர். இவ்வூரிலிருந்து புறப்படும் சாலைகளின் பெயர்களை அடுக்கினாலே நிலவரைபடம் கிடைத்துவிடும்: போளூர்ச் சாலை, அவலூர்ப்பேட்டைச் சாலை, வேட்டவலம் சாலை, திருக்கோவலூர்ச் சாலை, மணலூர்ப்பேட்டைச் சாலை, தண்டராம்பட்டுச் சாலை, செங்கம் சாலை, காஞ்சிச் சாலை. இறுதியிற் சொன்ன காஞ்சி, பல்லவர் தலைநகரன்று, அருகிலுள்ள சிற்றூர். வெளியூர் வாசகர் பலரும் இதில் மயங்குவதுண்டு. மாடவீதிகள் செயலால் பெயர்பெற, சாலைகள் சேருமிடத்தால் பெயர்பெற்றன. வட்டத்தின் மொழி வேறு, ஆரத்தின் மொழி வேறு.

இவ்வழிச்சந்தியின் அரசியல் மதிப்பைப் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் நன்குணர்ந்திருந்தான். துவாரசமுத்திரம் தில்லிப் படைகளால் தாக்குண்டபின், பதினான்காம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியில் அவன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாகக் கொண்டான். மேட்டுநிலத்தையும் தமிழ்ச் சமவெளியையும் ஒருசேரக் காக்க ஏற்ற இடம் இதுவே. 1342ஆம் ஆண்டையொட்டி மதுரைச் சுல்தானுடன் நிகழ்ந்த போரில் அவன் பிடிபட்டுக் கொல்லப்பட்டதைப் பயணி இபின் பதூதா குறித்துள்ளார். ஊர் நினைவோ வேறு வகையாக அவனைப் போற்றியது. எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணத்தில் வல்லாளன், இறைவனையே மகனாகப் பெற்ற மன்னனாகிறான். அம்மகன்மைக் கடமையாக மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளித் தந்தைக்குத் திதி கொடுக்கிறார். களத்தில் பட்ட மன்னனுக்கு நீர்க்கடன் செய்யும் பொறுப்பை ஓர் ஊர்த் தெய்வம் ஆண்டுதோறும் ஏற்பது, வரலாறு சடங்காக நிலைபெறும் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இவ்வட்டாரத்தில் களம்பட்டோரை மறவாமை இன்னும் பழைய மரபு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி, பல்லவர் காலந்தொட்டு ஆநிரை காத்தும் கவர்ந்தும் வீழ்ந்தவர்களின் பெயர்களை நமக்குத் தருகிறது.

வழிகள் படைகளையும் கொணர்ந்தன. முதலாம் மைசூர்ப் போரில் 1767 செப்டம்பரில் செங்கத்திலும், அதே மாத இறுதியில் திருவண்ணாமலையிலும் ஐதர் அலி, நிசாம் ஆகியோரின் கூட்டுப்படைக்கும் கர்னல் ஸ்மித்தின் கீழிருந்த கும்பினிப் படைக்கும் போர் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக்கோயிலின் நெடுமதில்கள் பலமுறை கோட்டையாகப் பயன்பட்டன. அடியார்க்காக எழுந்த மதில்கள் பீரங்கிக்கு ஈடுகொடுத்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரத்தையும் காட்பாடியையும் இணைக்கும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே போடப்பட்டது. அப்பாதையில் வந்த தொடர்வண்டி ஒன்றிலிருந்து 1896 செப்டம்பர் 1ஆம் நாள் காலை பதினாறு வயது இளைஞர் ஒருவர் இறங்கினார். மதுரையிலிருந்து புறப்பட்டு, ஒரு பகுதியை வண்டியிலும் ஒரு பகுதியை நடையிலும் கடந்து வந்த அவரே பின்னர் இரமண மகரிசி எனப்பட்டவர். ஆயிரக்கால் மண்டபம், பாதாள இலிங்கம், விரூபாட்சக் குகை, கந்தாசிரமம் எனத் தங்கி, 1922இல் மலையின் தென்னடிவாரத்தை அடைந்து, 1950இல் மறையும்வரை அவர் இவ்வூரை விட்டு நீங்கவில்லை. பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட நூலால் மேலைநாட்டார் இங்கு வரத்தொடங்கினர். குகை நமசிவாயர், குரு நமசிவாயர் ஆகியோரின் காலத்திலிருந்து தொடரும் குகைத் துறவு மரபு, இருப்புப்பாதையின் துணையால் உலகளாவியதாயிற்று. செங்கம் சாலையில் இரமண நகர் என்னும் பகுதி வளர்ந்ததும், அங்கு நிலவிலை ஏறியதும் அதன் தொடர்விளைவுகள்.

அகலப்பாதைப் பணிகள் முடிந்து 2010இல் தொடர்வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை இயங்கிய வண்டி 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் ஆந்திரம், தெலங்கானம் ஆகியவற்றிலிருந்து வருவோர் பெருகியதால் கடைப்பலகைகளில் தெலுங்கெழுத்து இயல்பாகிவிட்டது. ஊரின் வணிகம் நெல், மணிலா எனப்படும் நிலக்கடலை ஆகியவற்றின் சந்தையிலிருந்து விடுதி, உணவு, போக்குவரத்து நோக்கி வேகமாக நகர்கிறது.

நாகானோ: ஓர் ஒப்புநோக்கு

கோயிலை முன்னிட்டு வளர்ந்த நகரங்கள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவையல்ல. சப்பானில் இவற்றிற்கு ‘மோன்சென்–மச்சி’ என்று தனிப்பெயரே உண்டு; ‘வாயில்முன் ஊர்’ என்பது அதன் பொருள். செங்கோசி என்னும் பௌத்தக் கோயிலின் முன் வளர்ந்த நாகானோ அவ்வகையில் புகழ்பெற்றது. 1897இல் நகராட்சித் தகுதி பெற்று, 1998இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய இவ்வட்டார நகரம், பரப்பாலும் மக்கள்தொகையாலும் திருவண்ணாமலையினும் பெரியது. ஆயினும் இரண்டின் இயல்பும் நெருங்கியது. அங்கும் பெருவிழா ஒன்று உண்டு. தொடக்க ஆண்டையும் சேர்த்தெண்ணி ஏழாண்டுக்கொருமுறை நிகழும் ‘கொகைச்சோ’ விழாவில், எவருக்கும் காட்டப்படாத மூலத்திருவுருவின் மாற்றுருவைக் காண இலட்சக்கணக்கானோர் திரள்கின்றனர்.

வேறுபாடும் உண்டு. நாகானோவில் தொடர்வண்டி நிலையத்திலிருந்து கோயில்வரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளும் ஒரே நேர்வீதியே நகரின் முதுகெலும்பு. நகரம் கோயிலை நோக்கிச் செல்லும் நகரம். திருவண்ணாமலையோ சுற்றிவரும் நகரம். நேர்வீதிக்கு முடிவுண்டு, அங்கு வரும் கூட்டத்தை ஒரு முனையில் நிறுத்தி ஒழுங்குபடுத்தலாம். வட்டத்திற்கு முனையில்லை. கிரிவல நாளில் சாலைகள் அனைத்தும் ஒரே வட்டத்தை வெட்டுகின்றன. மாவட்டத் தலைநகரின் மருத்துவமனைக்கும் பேருந்து நிலையத்திற்கும் செல்வோர் அவ்வட்டத்தைக் கடந்தாக வேண்டும். உள்ளூர் மக்கள் முழுநிலா நாளின் வேலைகளை முன்னாளே முடித்துக்கொள்ளப் பழகிவிட்டது இதனாலேயே.

நாகானோவிலிருந்து அறியவேண்டிய மற்றொரு செய்தி கசப்பானது. 1847 மே மாதத்தில், கொகைச்சோ விழா நடந்துகொண்டிருந்தபோதே பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. வழிபட வந்து விடுதிகளில் தங்கியிருந்தோர் உட்படப் பல்லாயிரவர் மாண்டனர். மலைச்சரிவு சாய் ஆற்றை அடைத்துக்கொள்ள, ஏறத்தாழ இருபது நாள்களுக்குப்பின் அவ்வடைப்பு உடைந்து வெள்ளம் சமவெளியை அழித்தது. 1985 சூலை 26 அன்று அதே கோயிலுக்கு அண்மையிலுள்ள சிசுகி மலையின் சரிவு பெயர்ந்து, முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த 26 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அச்சரிவில் நிலத்தடி நீரை வடிக்கும் அமைப்புகள் ஏற்படுத்தப்பட்டன. இடிந்த இடமே பேரிடர் நினைவுப் பூங்காவாக்கப்பட்டு, நிகழ்ந்ததைச் சொல்லும் இடமாகப் பேணப்படுகிறது.

நீரின் திசை

திருவண்ணாமலைக்கு மீள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பகுதியில் அம்மழையின் பெரும்பங்கு சில வாரங்களில் பெய்து தீர்வது. செங்குத்தான பாறைமலையில் பெய்யும் மழை நிற்காது; இறங்கும். இறங்கும் நீரை ஆங்காங்கே நிறுத்தும் முறையே இவ்வூரின் தீர்த்த அமைப்பு. மலைமேல் முலைப்பால் தீர்த்தம், அடிவாரத்தில் பாலி தீர்த்தம், சிம்ம தீர்த்தம், கோயிலுள் சிவகங்கை, பிரம தீர்த்தம், ஊருள் அய்யங்குளமாகிய இந்திர தீர்த்தம், அதற்கும் கீழே சமுத்திரம் ஏரி, நொச்சிமலை ஏரி, வேங்கிக்கால் ஏரி, அவற்றின் மிகைநீரைத் தென்பெண்ணைக்குச் சேர்க்கும் துரிஞ்சலாறு என மேலிருந்து கீழாகப் படிகளாக இவை அமைந்துள்ளன. புராணங்கள் முந்நூற்றுக்கு மேற்பட்ட தீர்த்தங்களைச் சொல்வதை மிகை என்று விலக்குவதினும், மலையைச் சுற்றிலும் நீர் நிறுத்தப்பட்டது என்பதன் நினைவாகக் கொள்வது பயனுடையது.

இவ்விடத்தில்தான் வலமும் நீரும் முரண்படத் தொடங்குகின்றன. நீர் மலையிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிநோக்கிப் பாய்வது; கிரிவலப் பாதை அவ்வோடைகள் அனைத்தையும் குறுக்கே வெட்டிச் செல்வது. மண்பாதையாக இருந்தவரை நீர் அதன்மேல் ஓடிக் கடந்தது. பாதை உயர்ந்து, அகன்று, இருபுறமும் கட்டடம் எழுந்தபின் ஓடைகள் சிறு குழாய்ப்பாலங்களுக்குள் ஒடுங்கின. மத்தலாங்குளத் தெரு, அய்யங்குளத் தெரு, தாமரை நகர் எனத் தெருப்பெயர்கள் நீரை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மழைக்காலத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அடுத்த வேங்கிக்கால் ஏரி நிரம்பிச் சாலையில் வழியும்போது, பழைய நீர்வழி எது என்பதை நீரே காட்டிவிடுகிறது.

மலையின் பசுமையும் இதனோடு தொடர்புடையது. சம்பந்தர் பாடிய காடு இருபதாம் நூற்றாண்டில் இல்லை. அந்நூற்றாண்டின் முற்பாதியில் எடுக்கப்பட்ட இரமணரின் நிழற்படங்கள் பலவற்றில் பின்னணியாகத் தெரிவது மொட்டைப் பாறையும் புதர்களுமே. விறகும் மேய்ச்சலும் கோடைத் தீயும் அதற்குக் காரணம். 1980களின் இறுதியில் தன்னார்வலர் தொடங்கிய மரநடுகை, தீத்தடுப்புக் கோடுகள் அமைத்தல் ஆகியவற்றின் பயனாகத் தென்சரிவு ஓரளவு பசுமை பெற்றது. ஊரை நோக்கிய கிழக்குச் சரிவிலோ மரங்களுக்கு முன்னே வீடுகள் ஏறின. அங்கு குடியேறியோர் பெரும்பாலும் உழைப்பாளிக் குடும்பத்தினர். நகரின் நடுப்பகுதி விடுதிகளாக மாற, நடந்துசெல்லும் தொலைவில் வேலைக்கு வரவேண்டியவர்கள் மலைமேல் நகர்ந்தனர். ஆக்கிரமிப்பு என்னும் ஒரு சொல்லால் இதனை முடித்துவிடுவது ஆய்வுக்கு அழகன்று. திருவிழாக் கூட்டத்துக்குச் சோறாக்குவோரும், தெருக் கூட்டுவோரும், பூத் தொடுப்போரும் எங்கே குடியிருப்பது என்னும் வினாவை நகரத் திட்டம் கேட்காமல் விட்ட இடத்தில் அவ்வீடுகள் எழுந்தன.

2024 நவம்பர் 30 அன்று பெங்கல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 மாலை, அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகர் வீடுகள்மீது விழுந்தன. ஒரே இடத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் சிறார். அதே மழையில், 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையிலிருந்து 1 இலட்சத்து 60 ஆயிரம் கனஅடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. மலைச்சரிவும் ஆற்றுவெள்ளமும் இரு செய்திகளாக இதழ்களில் வந்தன. நிலவியல் நோக்கில் அவை ஒரே நீரின் மேல்முனையும் கீழ்முனையுமாகும்.

நிகழ்ந்தது தீபத் திருவிழா நெருங்கிய வேளை. மண்ணியல் வல்லுநர் குழு சரிவை ஆராய்ந்தபின், அவ்வாண்டு தீபத்தன்று அடியார் மலையேறுவது தடைசெய்யப்பட்டது. டிசம்பர் 13 அன்று மாலை, கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்கும் கடமையுடையோர் மட்டும் வரையறுத்த எண்ணிக்கையில் மேலே சென்றிருந்தனர். கீழே மாடவீதிகளிலும் கிரிவலப் பாதையிலும் வழக்கம்போல் கூட்டம் நிறைந்திருந்தது. உச்சியில் தீபம் ஏறியபோது, ஊரில் இருந்த எல்லாரையும் போலவே வ.உ.சி. நகர் மக்களும் அண்ணாந்து அதே சரிவைத்தான் பார்த்தனர்.